‘ஆம்’ என்று அழுத்திய அந்த ஒரு நொடி

பக்கத்து லயத்துத் தாத்தாவின் குரல் 1 மணி 52 நிமிடம் என் மடிக்கணினியில் இருந்தது. இப்போது இல்லை. அதை யாரும் திருடவில்லை. கணினியில் நச்சுநிரல் புகவில்லை. கீழே விழுந்து உடையவும் இல்லை. நானேதான் அழித்தேன், அழிக்கிறேன் என்பது தெரியாமலே.

நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தேன். பிறகு மலாய் வழி இடைநிலைப்பள்ளி. இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. கடந்த தவணையில் எங்களுக்கு வாய்மொழி வரலாறு பற்றிய ஓர் இடுபணி தந்தார்கள். “உங்கள் ஊருக்குப் போங்கள். பெரியவர்களிடம் பேசுங்கள். குரலைப் பதிவு செய்து கொண்டு வாருங்கள்” என்றார் விரிவுரையாளர்.

எனக்கு அது மிகவும் பிடித்த வேலை. எங்கள் மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் 1885-இல் வந்த நில அளவையாளர் என்பதும், ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார் என்பதும் சுற்றுப்பயணிகளுக்கான கையேட்டிலேயே இருக்கின்றன. காட்டை வெட்டி, சரிவில் செடி நட்டு, பனியில் நனைந்து கொழுந்து பறித்தவர்களின் பெயரை நான் எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை. இன்று தோட்டங்களில் கையால் கிள்ளுவது அரிது. இருவர் தூக்கிப் பிடிக்கும் இயந்திரம்தான் கொழுந்து வெட்டுகிறது. வேலை செய்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். எங்கள் லயத்தில் பழைய தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் இறங்கிவிட்டன. மீதமிருந்த ஏழு பெரியவர்களை மார்ச் மாத விடுமுறையில் பதிவு செய்தேன். மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல்.

அவர்களில் மூத்தவர் பக்கத்து லயத்துத் தாத்தா. வயது 84. அவருக்கு மூன்று வயதாக இருந்தபோது, 1943-இல், அவருடைய அப்பாவை ஜப்பானியர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. தாத்தாவுக்கு அப்பாவின் முகம் நினைவில்லை. ஆனால், அவருடைய அம்மா இரவில் சொல்லிச் சொல்லி மனத்தில் பதிய வைத்தது அத்தனையும் நினைவிருந்தது. அவரை ஏற்றிப்போன லாரி எந்தத் தோட்டத்து வாசலில் நின்றது, எந்த நிலையத்தில் ரயில் ஏற்றினார்கள், கூடப் போனவர்கள் யார் யார் என்று வரிசையாகச் சொன்னார். நான் குறிப்பு எழுதவில்லை. பதிவாகிக்கொண்டுதானே இருக்கிறது என்ற தைரியம்.

சரியாகத் தோன்றிய மூன்று தவறுகள்

எப்படி அழித்தேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். இதில் ஏதோ ஒரு படியில் நீங்களும் நின்றிருப்பீர்கள்.

முதல் படி: என் கைப்பேசியில் இடம் நிரம்பிவிட்டது. பதிவுகளை மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு, கைப்பேசியில் இருந்ததை அழித்தேன்.

இரண்டாம் படி: பதிவு முழுக்கத் தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தம். அதைக் குறைக்க, ஒலிப்பதிவைத் திருத்தும் மென்பொருள் ஒன்றின் 30 நாள் இலவச முன்னோட்டத்தை நிறுவினேன். அது என் பதிவுகளைத் தன்னுடைய ‘நூலகத்துக்குள்’ நகலெடுத்துக்கொண்டது. ஒரே கோப்பு இரண்டு இடத்தில் எதற்கு என்று, ஆவணக் கோப்புறையில் இருந்த மூலப்பதிவை நீக்கினேன்.

மூன்றாம் படி: ஜூன் மாதம் 12 பக்கத்தில் இடுபணியை ஒப்படைத்தேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. ஜூலையில் முன்னோட்டக் காலம் முடிந்து, பணம் கட்டு என்று மென்பொருள் தினமும் நச்சரித்தது. கணினியில் இடம் போதாது என்ற சிவப்புக் கோடு வேறு. ஒரு நாள் இரவு அந்த மென்பொருளை நீக்கினேன். நடுவில் சின்னப் பெட்டி ஒன்று வந்து, நூலகத்தையும் அமைப்புகளையும் சேர்த்தே நீக்கவா என்று மலாயில் கேட்டது. பதினான்கு ஆண்டுகளாக மலாயும் ஆங்கிலமும் படிக்கிறேன். அந்த இரண்டு வரி எனக்குப் புரியாத மொழியில் இல்லை. ஆனால் நான் அதைப் படிக்கவில்லை. ‘ஆம்’ என்று அழுத்திவிட்டுத் தூங்கப் போனேன்.

தாத்தா ஜூன் கடைசியில் தவறிப்போயிருந்தார். நான் மென்பொருளை நீக்கி இரண்டு நாள் கழித்து அவருடைய மகன் கைப்பேசியில் அழைத்தார்.

“பாப்பா, அப்பா பேசினதை நீ பிடிச்சு வெச்சிருக்கேன்னு சொன்னியே. முப்பதாம் நாள் படையலுக்குப் பிள்ளைங்க எல்லாரும் வர்றாங்க. அவர் குரலைப் போட்டுக் கேக்கலாம்னு இருக்கோம். கொஞ்சம் அனுப்பி வெக்கிறியா?”

“அனுப்புறேன் மாமா” என்று சொல்லிக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தேன். கோப்புறையே இல்லை. குப்பைத் தொட்டியில் தேடினேன். அங்கும் இல்லை.

மென்பொருள் போனால் கோப்பு ஏன் போகிறது?

மென்பொருள் வேறு, நாம் உருவாக்கிய கோப்பு வேறு என்றுதான் நாம் நினைக்கிறோம். அது சரிதான். மாவு அரைக்கும் இயந்திரத்தை விற்றால் வீட்டில் இருக்கும் மாவு காணாமல் போகாது. ஆனால் மாவை இயந்திரத்துக்குள்ளேயே விட்டு வைத்திருந்தால்? என் கதை அதுதான்.

மென்பொருளை நிறுவும்போதே அதை நீக்குவதற்கான சிறு நிரலும் கூடவே வருகிறது. ஒழுங்காக எழுதப்பட்ட நீக்கும் நிரல், தான் கொண்டுவந்து வைத்த கோப்புகளின் பட்டியலைப் பார்த்து அவற்றை மட்டும் எடுக்கும். அலட்சியமாக எழுதப்பட்டதோ, தன் கோப்புறையை அப்படியே வாரி எறியும். அதற்குள் நம் கோப்பு இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். இன்னொன்று: நாம் கையால் அழிக்கும் கோப்புதான் வழக்கமாகக் குப்பைத் தொட்டிக்குப் போகும். நீக்கும் நிரல் அழிப்பது பெரும்பாலும் அங்கே போவதில்லை.

இதில் மிகவும் பெயர்போன சம்பவம் 1998-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்தது. பின்னாளில் ‘ஹேலோ’ விளையாட்டை உருவாக்கிய அமெரிக்காவின் பங்கி நிறுவனம், ‘மித் 2: சோல்பிளைட்டர்’ என்ற கணினி விளையாட்டை வெளியிட இருந்தது. வட்டுகள் தயாராகிவிட்ட நிலையில் ஒரு பெரிய கோளாறு தெரிய வந்தது. விளையாட்டை நீக்கினால், அது நிறுவப்பட்ட கோப்புறையே முழுதாக அழிந்தது. வழக்கமான இடத்தில் நிறுவியவருக்கு இதனால் பாதிப்பில்லை. ஆனால், யாராவது தனிக் கோப்புறை இல்லாமல் வன்தட்டின் அடித்தளத்திலேயே நிறுவியிருந்தால், வன்தட்டில் இருந்த அத்தனையும் போய்விடும். நிறுவனம் வட்டுகளைத் திரும்பப் பெற்று, திருத்திய பதிப்பை வெளியிட்டது. பெரும் நட்டம்தான். ஆனால் வாங்கியவர்களின் கோப்புகள் தப்பின.

கைப்பேசியில் இது கோளாறே அல்ல, வழக்கமே அதுதான். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை உண்டு. செயலியை நீக்கினால் அந்த அறையும் உள்ளே இருப்பதும் போய்விடும். ஐபோனிலும் செயலியை அழித்தால் அதன் தரவும் அழியும். இடம் மட்டும்தான் வேண்டும் என்றால், செயலியை இறக்கி வைத்துவிட்டு அதன் ஆவணங்களை வைத்துக்கொள்ளும் ‘ஆஃப்லோட்’ என்ற தெரிவு அங்கே இருக்கிறது. குரல் பதிவு, குறிப்பேடு, ஓவியம் ஆகியவற்றுக்கான செயலிகளைப் பயன்படுத்துபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

கோப்பு எங்கே இருக்கிறது என்ற குழப்பம் பெரிய நிறுவனங்களையும் விடுவதில்லை. 2018 அக்டோபர் 2-ஆம் நாள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 10-க்கு ஒரு புதுப்பிப்பை வெளியிட்டது. சிலருக்கு ஆவணங்கள், படங்கள் எல்லாம் காணாமல் போயின. அக்டோபர் 6-ஆம் நாள் அந்தப் புதுப்பிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. காரணம் இதுதான்: அவர்கள் தங்கள் ஆவணக் கோப்புறையை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஆனால் பழைய இடத்திலும் சில கோப்புகள் தங்கியிருந்தன. பழைய கோப்புறை இனித் தேவையில்லை என்று எண்ணிப் புதுப்பிப்பு அதை அழித்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிறு விழுக்காட்டினர்தான். நவம்பர் 13-ஆம் நாள் திருத்தப்பட்ட பதிப்பு வந்தது. ஆனால் அந்தச் சிறு விழுக்காட்டில் நாம் இருந்தால் நமக்கு அது நூறு விழுக்காடு.

மேகச் சேமிப்பைப் பயன்படுத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. திரையில் கோப்பின் பெயர் தெரியும்; ஆனால் அது கணினியில் இல்லாமல் இணையத்தில் மட்டும் இருக்கலாம். அல்லது நேர்மாறாக, அது இன்னும் மேலேறாமல் கணினியிலேயே காத்துக்கொண்டிருக்கலாம். எங்கள் பள்ளத்தாக்கில் இணையத்துக்காக நான் மேட்டுச் சரிவுவரை ஏறிப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் கோப்பு மேலேறிவிட்டதா என்று பார்க்காமல் எதையும் நீக்கக்கூடாது. மேலும், இணைத்து வைத்த கோப்புறையில் ஓர் இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். தெரியாமல் அழித்துவிட்டால், உடனே அந்தச் சேவையின் இணையப் பக்கத்தில் உள்ள குப்பைத் தொட்டியைப் பாருங்கள். கூகல் டிரைவில் 30 நாள் வரை கிடக்கும்.

தமிழருக்கே உரிய ஓர் இழப்பும் உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களிலேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கிக் கணினியில் தமிழைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் உலகெங்கும் தமிழுக்குப் பல எழுத்துருக்கள் தோன்றின. ஒவ்வொன்றும், ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பப்படி வைத்திருந்தது. 1991-இல் வந்த யூனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்தாலும், எல்லாரும் அதற்கு மாறப் பல ஆண்டுகள் ஆயின. பழைய எழுத்துருவைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டால், தமிழில் தட்டிய கட்டுரை அர்த்தமில்லாத ரோமன் எழுத்துக் குவியலாகத் தெரியும். என் தமிழ்ப்பள்ளி ஆசிரியை தம்முடைய பழைய பயிற்சித்தாள்களெல்லாம் கெட்டுவிட்டன என்று வருந்தினார். அவை கெடவில்லை, பூட்டு இருக்கிறது, சாவிதான் தொலைந்துவிட்டது. எந்த எழுத்துருவில் தட்டியது என்று தெரிந்தால் எழுத்துரு மாற்றியைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். உங்கள் பள்ளியின் பழைய ஆண்டு மலர்கள் இப்படிக் கிடந்தால், தயவு செய்து தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மீட்க முடியுமா?

மாமாவிடம் எதுவும் சொல்லாமல், முதலில் மீட்கப் பார்த்தேன். அங்கேதான் நான்காவது தவறு. கோப்பை மீட்கும் மென்பொருள் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி, அதே கணினியில் அதே வட்டில் நிறுவினேன். இரண்டு இரவு அது ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு மலையிறங்கி, ஈப்போவில் கணினி பழுது பார்க்கும் ஓர் அண்ணனிடம் போனேன். நான் செய்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நீ தோட்டத்துப் பிள்ளைதானே? கிராணியோட பேரேட்டில் ஒரு ஆளோட பேரை அடிச்சுட்டா, அந்த ஆள் அன்னிக்கே மறைஞ்சு போயிடுவாரா? லயத்தில்தான் இருப்பார். அந்த வீட்டை வேற குடும்பத்துக்குக் கொடுக்கிற வரைக்கும் போய்த் தேடினா ஆள் கிடைப்பார். பழைய வன்தட்டு அப்படித்தான்மா. அழிச்ச கோப்போட பேரை மட்டும்தான் எடுக்கும். அதுக்கு மேல வேற எதையாவது எழுதுற வரைக்கும் கோப்பு உள்ளே கிடக்கும். நீ அந்த வீட்டுக்குள்ளேயே புது மென்பொருளைக் குடி வெச்சுட்டே.”

“அப்போ கொஞ்சமாவது கிடைக்குமா அண்ணே?”

“உன் கணினியில் இருக்கிறது எஸ்எஸ்டி. அது இன்னும் மோசம். பேரை அடிச்ச கையோட, அந்த இடம் காலின்னு கணினி எஸ்எஸ்டிகிட்ட சொல்லிடும். அது கொஞ்ச நேரத்துலேயே வீட்டைக் கழுவி விட்டுடும். டிரிம்னு சொல்வாங்க. வேகமா வேலை செய்றதுக்காக அப்படி வெச்சிருக்காங்க.”

அவர் ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை. இனி யாருக்காவது இப்படி ஆனால், கணினியை உடனே அணைத்துவிட்டு, எதையும் இறக்காமல், நிறுவாமல் கொண்டுவரச் சொல் என்றார். ஆகவே இதை உங்களுக்குச் சொல்கிறேன். பழைய வன்தட்டு, விரலி, நினைவக அட்டை ஆகியவற்றில் வாய்ப்பு அதிகம். எஸ்எஸ்டியில் மிகக் குறைவு. எதுவாக இருந்தாலும், மீட்கும் மென்பொருளை வேறு வட்டில் வைத்துத்தான் இயக்க வேண்டும்.

47 நொடிகள்

பேருந்தில் மலையேறும்போது வாட்ஸ்அப்பைப் புரட்டினேன். மார்ச் மாதம் உடன் படிக்கும் தோழிக்கு ஒரு துண்டுப் பதிவு அனுப்பியிருந்தேன். “இந்த மழைச் சத்தத்தை எப்படி எடுக்கிறது?” என்று கேட்பதற்காக, மழை மிகவும் பலமாக இருந்த இடத்தை வெட்டி அனுப்பியது. 47 நொடி. தாத்தாவின் குரலில் எஞ்சியது அவ்வளவுதான்.

அதில் சயாம் கதை இல்லை. மழைக்குக் கம்பளியைத் தலையில் எப்படி மடித்துப் போடுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நடுவில் நிறுத்தி, “தேத்தண்ணி ஆறிப்போவுது, மொதல்ல குடி பாப்பா” என்கிறார். அவ்வளவுதான்.

மாமா வீட்டுக்கு நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “சரி விடு பாப்பா. வேணும்னா செஞ்சே?” என்றார். முப்பதாம் நாள் அந்த 47 நொடியைத்தான் போட்டார்கள். ‘மொதல்ல குடி’ என்ற இடத்தில் பேரப்பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு யார் போனாலும் அவர் சொல்லும் சொல் அது. அவருடைய மகள் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி அழுதார்.

என் 12 பக்க இடுபணியில் சயாம் கதைக்கு ஐந்து வரி கொடுத்திருந்தேன். தாத்தா சொன்ன நிலையத்தின் பெயர் அதில் இல்லை. கூடப் போனவர்களின் பெயர்களும் இல்லை. 1942, 43-இல் 415 கிலோமீட்டருக்குப் போடப்பட்ட அந்தப் பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர்ப்பலகை பதித்திருக்கிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல்கூட இல்லை. அந்தப் பட்டியலில் சேர வேண்டிய சில பெயர்கள் என் கையில் இருந்தன. ஒரு தாய் சொல்ல, ஒரு மகன் 80 ஆண்டு மனத்தில் காத்து வைத்திருந்தான். என்னிடம் நான்கு மாதம்கூடத் தங்கவில்லை.

படியெடுத்தவர்களின் பிள்ளைகள்

இதற்குப் பிறகுதான் எனக்கு ஓலைச்சுவடியின் நினைவு வந்தது. பனையோலை காலத்துக்கும் நிற்பதில்லை. பூச்சி அரிக்கும், மடியும், ஒடியும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதியது. அதற்குப் பெயர் படியெடுத்தல். சங்க இலக்கியம் நம் கைக்கு வந்தது ஓலை உறுதியாக இருந்ததால் அல்ல. யாரோ படியெடுத்துக்கொண்டே இருந்ததால். உ.வே. சாமிநாதையர் ஒரு நூலைப் பதிப்பிக்க ஊர் ஊராக அலைந்து பல பிரதிகளைத் தேடியதும் அதனால்தான். படியெடுக்காத ஏடுகள் போயே போய்விட்டன. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் சேர்ந்து சாம்பலாயின.

படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பதும் போதாது. 1998-இல் ‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, யாரோ இட்ட தவறான கட்டளையால் படத்தின் பெரும்பகுதி பிக்சார் நிறுவனத்தின் கணினிகளிலிருந்து அழிந்தது. காப்புப் படியை எடுக்கப் போனால், அது பல நாளாகச் சரியாக வேலை செய்யவில்லை. கடைசியில் படத்தைக் காப்பாற்றியது கேலின் சுஸ்மன் என்ற அலுவலரின் வீட்டுக் கணினி. குழந்தை பிறந்திருந்ததால் அவர் வீட்டிலிருந்து வேலை செய்து வந்தார். அதற்காக ஒரு படி அங்கே இருந்தது. பெரிய நிறுவனத்துக்கே கைகொடுத்தது வேறொரு கூரைக்குக் கீழே இருந்த ஒரு படிதான்.

கணினித் துறையினர் இதை ‘3-2-1’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எந்த முக்கியமான கோப்புக்கும் 3 படிகள்; அவை 2 வேறு வகைச் சாதனங்களில்; அவற்றில் 1 வேறோர் இடத்தில். மாணவர்களுக்கு இது பெரிய செலவில்லை. மடிக்கணினியில் ஒன்று, விரலியிலோ வெளி வன்தட்டிலோ ஒன்று, மேகச் சேமிப்பிலோ அக்கா வீட்டிலோ ஒன்று.

நீக்கும் முன் ஐந்து கேள்விகள்

இப்போது என் மடிக்கணினியின் மூடியில் சின்னத் தாள் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். எந்த மென்பொருளை, எந்தச் செயலியை நீக்கினாலும் முதலில் இவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

1. இந்த மென்பொருளில் நான் உருவாக்கியது எது? அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது? இடம் தெரியாவிட்டால் நீக்கக்கூடாது.

2. அந்தக் கோப்பு இந்த மென்பொருள் இல்லாமல் திறக்குமா? திறக்காது என்றால், எல்லாக் கணினியிலும் திறக்கும் பொதுவான வடிவத்தில் முதலில் சேமிக்க வேண்டும்.

3. வேறோர் இடத்தில் படி இருக்கிறதா? அதை இன்று திறந்து பார்த்தேனா? பெயர் தெரிந்தால் போதாது, திறக்க வேண்டும்.

4. மேகச் சேமிப்பு என்றால், கோப்பு முழுதாக மேலேறிவிட்டதா? வேறு சாதனத்திலிருந்து பார்த்தேனா?

5. திரையில் வந்த கேள்வியை முழுதாகப் படித்தேனா? புரியாவிட்டால் ‘இல்லை’ என்பதே பாதுகாப்பான பதில்.

மூன்றாவது கேள்விதான் என்னைக் காப்பாற்றியிருக்கும். ஐந்தாவதும் காப்பாற்றியிருக்கும். இரண்டையும் நான் கேட்கவில்லை.

மறுபடியும்

தாத்தாவைத் தவிர மற்ற ஆறு பேரையும் ஆகஸ்டில் மறுபடி பதிவு செய்தேன். முதலில் என் பாட்டி. “போன தடவை சொன்னதெல்லாம் எங்கே?” என்று கேட்டார். தொலைத்துவிட்டேன் என்றேன். “அடிப் பாவி, தொண்டை வறள வறளச் சொன்னேனே” என்று திட்டிவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கதை அதேபோல் வரவில்லை. முதல் தடவை சிரித்துச் சொன்ன இடத்தை இந்தத் தடவை ஒரு வரியில் தாண்டிவிட்டார். வேறோர் இடத்தில், மார்ச் மாதம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். வெளியே மழை பெய்தது. இந்தத் தடவை மழைச் சத்தத்தை நான் எடுக்கவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பயிற்சிப் புத்தகத்தில் பெயர்களையும் ஊர்களையும் எழுதிக்கொண்டேன். அன்று இரவே மூன்று படி எடுத்தேன். ஒன்று கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், மூன்றாவதை ஒரு விரலியில் போட்டு, மாமா வீட்டில் கொடுத்தேன். தாத்தாவின் 47 நொடியும் அதில் இருக்கிறது. மாமா அதை வாங்கி, சாமி மேடையில் தாத்தாவின் படத்துக்குப் பின்னால் வைத்தார். பனிக்காலத்தில் அங்கே ஈரம் ஏறும். வருடத்துக்கு ஒரு முறை வந்து திறந்து பார்த்துப் புதுப் படி எடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.